நடந்தவள் எங்கே?

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் நான் திருச்சுழியில் என் அண்ணன் வீட்டில் இருந்தேன். இரண்டு நாளாக ஐப்பசி மழை. குண்டாற்றில் தண்ணீர் வருகிறது என்று யாரோ சொல்ல, தெருவில் பாதிப் பேர் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வருவது எங்கள் பக்கத்தில் ஒரு செய்தி. கலியாணச் செய்தி மாதிரி அதை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகன், “சித்தப்பா, நீங்கள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்” என்று சொல்லித் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் என்னை உட்கார வைத்தான். மதுரையில் படிக்கிற பையன். உலகத்தில் யார் யார் என்னென்ன படம் எடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருக்கிறது. அவன் காட்டிய படம் ‘கூழாங்கல்’. பி. எஸ். வினோத்ராஜ் என்ற இளைஞரின் முதல் படம். அதற்குச் சில நாட்கள் முன்புதான் இணையம் வழியாக வீடுகளுக்கு வந்திருந்தது.

வெளியே மழை, உள்ளே, திரையில், கண் கூசுகிற வெயில். அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் மறக்காததற்குக் காரணம் அந்தப் படத்தின் சிறப்பு மட்டும் அல்ல. அதில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றமும் ஒரு காரணம். அந்த ஏமாற்றம் நியாயமானதுதானா என்பதை யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு அதிகம் இல்லை. குடிகாரனும் முன்கோபியுமான கணபதி, பள்ளிக்கூடத்தில் இருக்கும் தன் மகன் வேலுவை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிடுகிறான். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவி சாந்தியைத் திரும்ப அழைத்து வர இருவரும் பஸ் ஏறிப் போகிறார்கள். போன இடத்தில் அவள் இல்லை, ஏற்கெனவே கிளம்பிவிட்டாள். மாமியார் வீட்டில் சண்டை. பையன் பஸ்ஸுக்கு வைத்திருந்த ரூபாயைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அடி விழுகிறது. அப்புறம் நடை. பொட்டல் வெளியில், உச்சி வெயிலில், அப்பனும் பிள்ளையும் ஊர் வரைக்கும் நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டியில் எடுத்த இந்தப் படம், 2021 பிப்ரவரியில் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருதைப் பெற்றது. ஒரு தமிழ்ப் படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதே வருஷம் ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் இதுதான். இறுதிப் பட்டியலுக்கு அது போகவில்லை என்பது வேறு விஷயம். பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. கொண்டாட வேண்டிய படம்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாட்டு, சண்டை, தத்துவ வசனம், கோமாளித்தனம் இவை ஒன்றுமே இல்லாமல், ஒரு நடையை மட்டும் நம்பி ஒரு படம் எடுக்கத் தமிழ்நாட்டில் துணிச்சல் வேண்டும். வயல்வெளியில் எலி வளைக்குப் புகை போட்டு எலி பிடிக்கும் குடும்பத்தைக் காட்டுகிறாரே, அதில் இரக்கம் கேட்கிற தொனி துளிகூட இல்லை. கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியில் ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக முகந்து குடத்தில் ஊற்றுகிறார்கள். குடம் நிறைகிற வரைக்கும் நம்மையும் காத்திருக்கச் செய்கிறார். தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த அவகாசத்தின் அருமை தெரியும்.

அப்படியானால் எனக்கு என்ன குறை?

படம் முடிந்ததும் பையன் என் முகத்தைப் பார்த்தான். “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனுஷன் யார் என்றே எனக்குத் தெரியவில்லையே” என்றேன்.

“அதுதான் தெரிகிறதே சித்தப்பா! கோபக்காரன். குடிக்கிறான், அடிக்கிறான். வெயிலும் வறட்சியும் அவனை அப்படி ஆக்கியிருக்கின்றன. இன்னும் என்ன வேண்டும்? அவன் சின்ன வயசில் என்ன நடந்தது என்று பின்கதை சொல்ல வேண்டுமா?”

அவன் சொன்னதில் ஒரு பாதி சரி. பாத்திரத்தை வளர்ப்பது என்றால் அவனுடைய ஜாதகத்தைச் சொல்வது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவன் குடிக்கிறான் என்றால் அவனுக்கு ஒரு காதல் தோல்வி, ஒரு சகோதரியின் சாவு என்று காரணம் காட்டிவிட்டால் பாத்திரம் முழுமை பெற்றுவிட்டதாக எண்ணுகிறோம். நான் கேட்டது அது அல்ல. என்னுடைய நாற்பது வருஷ அனுபவத்தில் ஒன்றைக் கண்டிருக்கிறேன். ஒருவன் வேறு விதமாகவும் நடந்துகொண்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிற அந்த ஒரு கணத்தில்தான் அவன் மனிதனாகத் தெரிகிறான். இந்தப் படத்தில் சிறுவன் வேலுவுக்கு அப்படிப்பட்ட கணங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ரூபாயைக் கிழிக்கிறான். உடைந்த கண்ணாடித் துண்டினால் வெயிலை வாங்கி அப்பன் முதுகில் அடிக்கிறான். தாகத்துக்கு வாயில் ஒரு கல்லை அடக்கிக்கொள்கிறான். ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் பேசுவது மிகக் குறைவு. ஆனாலும் அவனை எனக்குத் தெரியும். அப்பனோ முதலில் கொதிக்கிறான், நடுவில் கொதிக்கிறான், கடைசி வரைக்கும் கொதிக்கிறான். அவன் ஒரு ஆள் அல்ல, ஒரு உஷ்ணநிலை.

சாந்தியோ அதுவும் இல்லை. கதையின் அச்சே அவள்தான். அவளைத் தேடித்தான் போகிறார்கள். அவள் கிளம்பிவிட்டதால்தான் திரும்புகிறார்கள். ஆனால் அவள் ஏன் போனாள், ஏன் திரும்பினாள், திரும்பி வருகிற வழியில் என்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்பது ஒன்றும் நமக்குக் கிடையாது.

அடுப்படியிலிருந்து வந்து வந்து பார்த்துவிட்டுப் போன என் மதினி வேறொரு குற்றம் கண்டுபிடித்தாள். “அந்த வெயில்ல நடக்கிறவன் தலையில ஒரு துண்டைப் போட மாட்டானா? ஒரு மரத்தடியில நிக்க மாட்டானா? ஒரு வீட்டுல தண்ணி கேட்டுக் குடிச்சா வேண்டாம்னா சொல்லப் போறாக?”

பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே பஸ் அபூர்வமாக ஓடிய காலத்தில் நடந்து பழகியவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். கரிசல் காட்டில் நடப்பதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். ஈரத் துண்டைத் தலையில் போட வேண்டும். உச்சிப் பொழுதுக்கு ஒரு புளியமரமாவது கண்மாய்க் கரையாவது கையில் இருக்க வேண்டும். வெயிலோடு சண்டை போட்டு எந்தச் சம்சாரியும் ஜெயித்தது கிடையாது. அதனால் அதனோடு ஒரு சமாதானம் செய்துகொண்டு வாழ்கிறான். கோபம் தலைக்கேறிய கணபதிக்கு இந்த நிதானம் இருக்காது என்று சொல்லலாம்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு தடவை, பழக்க தோஷத்தினாலாவது, அவன் ஒரு வேலிக்கருவேல் நிழலில் ஒதுங்கி மகனையும் இந்தப் பக்கம் வா என்று தலையசைத்திருந்தால்? அவன் நல்லவனாகியிருக்க மாட்டான். அந்த ஊர்க்காரனாகியிருப்பான்.

ஊர் என்றதும் இன்னொன்று. அரிட்டாபட்டி வெறும் பொட்டல் அல்ல. குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும், பாறையில் சமணப் படுக்கைகளும் பிராமிக் கல்வெட்டும் உள்ள இடம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசாங்கம் அறிவித்தது அந்த ஊரைத்தான். படத்தில் அது தெரியாததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கோடையில் எடுத்தால் கோடைதான் வரும். அதற்கு ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டு. ஆனால் நிலத்தை ஒரே பருவத்தில் நிறுத்திவிடலாம். மனிதனை நிறுத்த முடியுமா? எங்கள் திருச்சுழியும் பங்குனி சித்திரையில் பார்த்தால் சீமைக்கருவேலும் கரிமூட்டப் புகையுமாகத்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் அதே காட்டில் மல்லியும் மிளகாயும் பருத்தியும் மக்காச்சோளமும் தலைகாட்டும். இரண்டையும் பார்த்தவர்கள்தான் அங்கே குடியிருக்கிறார்கள்.

இப்படிச் சொல்லும்போது ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று 1980-இல், ராஜ்ய சபை உறுப்பினராக இருந்த நர்கீஸ் குற்றம் சாட்டினார். ‘கூழாங்கல்’ மீதும் அப்படி ஒரு முணுமுணுப்பு கிளம்பாமல் இருக்காது. நான் அந்தக் கட்சியில் இல்லை. வறுமையைக் காட்டினால் என்ன? 1955-இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’யில் இல்லாத வறுமையா? ஆனால் அங்கே அந்தப் பெண் துர்கா, செத்துப் போன பிறகும் நம்மை விட்டுப் போவதில்லை. அவள் ஒளித்து வைத்த நெக்லஸைத் தம்பி கண்டெடுத்துக் குளத்தில் எறிகிறான். எறிகிற போது அவள் குற்றமும் அவன் பாசமும் ஒரே பாசிக்குள் மூழ்குகின்றன. ஒரு திருட்டு, ஒரு பொய், ஒரு நெக்லஸ். அதற்கு மேல் ராய்க்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

இதைவிடப் பொருத்தமான உதாரணம் இத்தாலிய டைரக்டர் டிஸீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’. 1948-ஆம் வருஷத்துப் படம். அதிலும் ஓர் அப்பனும் பிள்ளையும் நாள் முழுவதும் நடக்கிறார்கள். அதிலும் அப்பன் பிள்ளையை அடிக்கிறான். அடித்த பிறகு அவனுக்கு மனசு ஆறவில்லை. இருக்கிற சில்லறையை நம்பி மகனை ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறான். சாப்பிட்டுக்கொண்டே, அந்த வேலை நிலைத்தால் மாசம் எவ்வளவு வரும் என்று பிள்ளையை விட்டே கணக்குப் போடச் சொல்கிறான். அந்த மேஜையில்தான் நாம் அவனை அறிந்துகொள்கிறோம். கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடும்போது நமக்குக் கோபம் வராமல் நெஞ்சை அடைப்பதற்குக் காரணம், அந்தக் கணக்குத்தான். நம்முடைய கு. அழகிரிசாமியும் இடைசெவலின் கரிசல் மண்ணிலிருந்து இதையே செய்திருக்கிறார். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் வாசலில் வந்து நிற்கிற அநாதைப் பையனுக்கு, இல்லாத வீட்டில் இருக்கிற துணியைக் கொடுப்பதா வேண்டாமா என்று அந்தத் தாய் ஒரு நிமிஷம் தயங்குகிறாள். கொடுத்தது பெரிதில்லை, தயங்கினாளே, அதனால்தான் அவள் நமக்குத் தாயாகிறாள்.

சிக்கனம் என்கிறார்கள். கலையில் சிக்கனம் உயர்ந்ததுதான். ஆனால் பத்து மிளகாய் வற்றல் வைத்துக்கொண்டு ஒன்றைக் கிள்ளிப் போடுகிறவளுக்கும், ஒன்றுமே இல்லாமல் வெறும் உப்பைப் போடுகிறவளுக்கும் வித்தியாசம் உண்டு. குழம்பை வாயில் வைத்தால் தெரிந்துவிடும். மற்ற ஒன்பதும் டப்பாவில் இருக்கிறதா இல்லையா என்று கணபதி விஷயத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

இதற்கு அப்புறம்தான் பையன் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான். இந்தக் கதை டைரக்டரின் சொந்தச் சகோதரியின் வாழ்க்கையிலிருந்து வந்ததாம். கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் தாய்வீட்டுக்கு நடந்தே வந்திருக்கிறாள் அந்தப் பெண். அந்த நடையை அந்தக் கணவன் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில் பிறந்தது படம். டைரக்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை. படம் எடுத்தவர் வெறும் வேடிக்கை பார்த்தவர் அல்ல. சின்ன வயசிலேயே பூ மார்க்கெட்டிலும் திருப்பூர் பனியன் தொழிலிலும் உழைத்தவர். அந்த வாழ்க்கையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு எவ்வளவோ இருக்கிறது. மாதச் சம்பளமும் மின்விசிறியும் உள்ள வீட்டில் பிறந்த நான், அவருடைய பாத்திரங்கள் போதவில்லை என்று சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் கூடவே என் குறைக்குக் காரணமும் தெரிந்துவிட்டது. கணபதி படத்துக்குள் வாழ்வதற்காக வரவில்லை. தண்டனை அனுபவிக்க வந்திருக்கிறான். கூடப்பிறந்தவன் ஒருவன், சகோதரியின் கண்ணீருக்குப் பழி வாங்குகிறான். அந்தக் கோபம் நியாயமானது, சத்தியமானது. அந்தக் கோபத்தைவிடப் பெரிய பாசம் எனக்குத் தெரியாது. ஆனால் தண்டிப்பதற்கென்றே ஒருவனைக் கதைக்குள் அழைத்து வரலாமா?

பெண் வாசகர்கள் இங்கே என்னை மறிப்பார்கள். “பெண்டாட்டியை அடிக்கிறவனைப் புரிந்துகொள்ள வேண்டுமா? எத்தனை காலமாக ஆண்களைப் புரிந்துகொண்டு அழுதாகிவிட்டது! ஒரு தடவை அவன் வெயிலில் நடக்கட்டுமே!” என்பார்கள். இந்த வாதத்துக்கு ஒரு காலத்தில் என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுதினேன்.

எனக்கு ஓர் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்குக் கை நீளும். சின்னப் பையனாக அந்த வீட்டில் லீவுக்குத் தங்கியிருந்தபோது ஒரு ராத்திரி அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுத ஆரம்பித்த புதிதில் அதை ஒரு கதையாக எழுதினேன். மாமாவை ஒரு மிருகமாக எழுதினேன். கதையின் கடைசியில் அவருக்கு ஒரு வலிப்பு வரவழைத்துப் படுக்கையில் போட்டேன். பத்திரிகையில் வந்தது, பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மாமா காலமான பிறகு ஒரு நாள், என் தங்கை அவளுக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டிவிட்டாள்.

நான் போனபோது அத்தை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள்:

“நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. அவரு அடிச்சதை அப்படியே எழுதியிருக்கே. அடிச்சதுக்கு அப்புறம் நான் என்ன செஞ்சேன்னு எழுதலையே.”

“என்ன செஞ்சீங்க அத்தை?”

“நீ தூங்கிட்டே. நான் எந்திரிச்சு எங்க அம்மா வீட்டுக்குன்னு நடக்க ஆரம்பிச்சேன். நெலா வெளிச்சம். பாதி தூரம் போயி ஒரு புளியமரத்தடியில உக்காந்தேன். போனா என்ன ஆகும், போகாட்டி என்ன ஆகும்னு யோசிச்சேன். அப்பத்தான் எருமைக்குத் தண்ணி வைக்காம வந்துட்டோம்னு ஞாபகம் வந்துச்சு. திரும்பிட்டேன்.”

“எருமைக்காகவா?”

“எருமைக்காகன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வந்து பாத்தா உங்க மாமா திண்ணையில அரிக்கேன் விளக்கை வச்சுக்கிட்டு முழிச்சு உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை பேசலை. தொட்டியில பாத்தா தண்ணி ஊத்தியிருக்கு. அந்த ஆளு அதுவரைக்கும் தொழுவத்துப் பக்கம் போனதே கெடையாது.” கொஞ்சம் நிறுத்தி, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, “அதுனால அவரு நல்லவரு ஆயிட மாட்டாரு. மறு வருஷமும் அடிச்சாரு. அதையும் சேத்து எழுதிக்கோ” என்றாள்.

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வெகு காலத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் புரிந்தது. மாமாவை வெறும் மிருகமாக எழுதியதன் மூலம் அத்தைக்கு நியாயம் செய்துவிட்டதாக நினைத்தேன். உண்மையில் ஒரு மிருகத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்த அசடாக அவளை ஆக்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றிய தொட்டியை எடுத்துவிட்டால் அவள் ஏன் இருந்தாள் என்பதற்கு அர்த்தமே இல்லை. அந்த ஆளின் நல்லதும் கெட்டதும் அவளுக்குத்தான் தெரியும். அடி வாங்கிச் சம்பாதித்த அறிவு அது. நான் அவளுக்குப் பரிந்துகொண்டு போய் அவளுடைய அந்த ஒரே சொத்தைப் பிடுங்கிவிட்டேன். மாமாவை மன்னிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. தன் நடையைக் கேட்டாள்.

அந்த நடையைத்தான் ‘கூழாங்கல்’ படத்திலும் நான் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஒரு பெண் வெயிலில் நடந்தாள். அவளுக்காக வருந்திய கை, அந்த நடையை அவளிடமிருந்து எடுத்துக் கணவனிடம் கொடுத்துவிட்டது. அவன் நடக்கிறான், நடக்கிறான். நடையில் ஒன்றையும் காண்பதில்லை. நடந்தவளோ திரைக்கு வெளியே நிற்கிறாள். சாந்தி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று தெரிய வரும்போது, அவள் எந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வந்தாள் என்று கேட்கக்கூட நமக்கு இடம் இல்லை.

இதே டைரக்டர் 2024-இல் ‘கொட்டுக்காளி’ என்று இரண்டாவது படம் எடுத்தார். அதையும் பையன் சொல்லிப் பார்த்தேன். அதில் மீனா என்ற பெண் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. ஆனால் திரைக்கு வெளியே நிற்கவில்லை. ஆட்டோவுக்குள், எல்லாருக்கும் நடுவில், எல்லாரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை அடித்து இழுத்து வருகிற பாண்டி என்பவன் முடிவில் ஓரிடத்தில், வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு நிற்கிறான். என்ன செய்யப் போகிறான் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லாவிட்டால் போகிறது, அவன் நின்றானே! அந்த ஒரு நிறுத்தத்துக்காக நான் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

அண்ணன் மகனிடம் அத்தையின் கதையைச் சொன்னேன். “அப்படியானால் அந்தக் கதையைத் திருத்தி எழுதினீர்களா, சித்தப்பா?” என்று கேட்டான்.

இல்லை. என்னுடைய தொகுதியில் அது வந்தபோதும் ஒரு வரி மாற்றவில்லை. அது இரண்டு பதிப்பு கண்டுவிட்டது. வலிப்பு வந்த மாமா இன்னும் அதே பக்கத்தில் படுத்திருக்கிறார். தொட்டி காலியாகவே இருக்கிறது.